காவல் காக்கும் கையே களவாடினால்?

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று வகை வகையாக மூட்டைகள் வந்து இறங்கும். நாமக்கல், சேலம் மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்து விவசாயிகள் கொண்டு வருவார்கள்.

ஒன்பது, பத்து மாதம் மண்ணில் கிடந்து விளைந்த பயிர் அது. வெட்டி, வேக வைத்து, காய வைத்து, மெருகு ஏற்றி, மூட்டை கட்டி, வண்டி வாடகை கொடுத்துக் கொண்டு வருகிறார் விவசாயி. இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். மூட்டையின் மேலேயே அவர் உட்கார்ந்திருப்பதில்லை.

ஏன்? அங்கே காவல் இருக்கிறது என்ற நம்பிக்கை!

சரி. அந்தக் காவல்காரரே ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொண்டால் என்ன ஆகும்?

ஒரு கை மஞ்சள் நூறு கிராம் என்று வைத்துக் கொள்வோம். மூட்டைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. நூறு மூட்டையில் நூறு கை அள்ளினால் பத்து கிலோ. அதுவும் பெரிய நஷ்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள்.

ஆனால், ஒரு நாள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டால்? அடுத்த வாரம் எந்த விவசாயியும் மூட்டையை விட்டு நகர மாட்டார். டீ குடிக்கப் போக மாட்டார். போன மஞ்சள் பத்து கிலோதான். ஆனால் மண்டியின் பெயர் முழுவதும் போய்விடும்.

இந்தக் கணக்கு மண்டிக்கு மட்டும் அல்ல. விமான நிலையத்துக்கும் இதே கணக்குத்தான்.

நம் ஊருக்கும் விமானத்துக்கும் என்ன?

விமானம் பணக்காரர்களுக்கு என்று நாம் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அது மலையேறிவிட்டது.

சேலத்துக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. இடையில் நின்று போயிருந்த விமானப் போக்குவரத்து 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கே மீண்டும் தொடங்கியது. வெளிநாடு போகிறவர்கள் சென்னைக்கோ, கோவைக்கோ, திருச்சிக்கோ போய் ஏறுகிறார்கள். துபாயில் கொத்து வேலை செய்யும் தம்பியும் ஏறுகிறான். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் தாயும் ஏறுகிறாள்.

முதல் முறையாகப் போகும் அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்.

வரிசையில் நிற்கிறாள். "கைப்பையைத் தட்டில் வையுங்கள். பர்ஸ், செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வையுங்கள்" என்கிறார்கள். அவள் வைக்கிறாள். தட்டு எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகிறது. அவள் வேறு வழியாகப் போகிறாள். அங்கே அவளைச் சோதிக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம், அவளுடைய பணம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்!

மண்டியில் விவசாயி விரும்பி நம்புகிறார். பிடிக்கவில்லை என்றால் வேறு மண்டிக்குப் போகலாம். விமான நிலையத்தில் அப்படிச் சொல்ல முடியாது. "நம்பு" என்று சட்டம் கட்டளை போடுகிறது. தட்டில் வைக்க மாட்டேன் என்றால் விமானம் ஏற முடியாது.

கட்டளை போட்டு வாங்கிய நம்பிக்கைக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு. இதுதான் என் கட்சி.

அமெரிக்காவில் நடந்தது

இப்படி வைத்த பணத்தில் கை வைத்தவர்கள் உண்டா? உண்டு.

அமெரிக்காவில் மயாமி என்ற ஊரில் பெரிய விமான நிலையம் இருக்கிறது. 2023-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, அங்கே பயணிகளைச் சோதிக்கும் அரசாங்க ஊழியர்கள் இருவர், இயந்திரத்துக்குள் போகும் பர்ஸுகளில் கையை விட்டுப் பணம் எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. தொகை 600 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய். மேலே இருந்த கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தது. ஜூலை மாதம் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பின்னர் அந்தப் படம் வெளியானது. உலகமே பார்த்தது.

பயணி எங்கே இருந்தார்? நாலடி தூரத்தில்! கைகளைத் தூக்கிக் கொண்டு, சோதனைக்கு நின்று கொண்டிருந்தார்.

இது முதல் சம்பவம் அல்ல. 2011-ம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இன்னொன்று நடந்தது. ஓர் ஊழியர் எக்ஸ்ரே இயந்திரத்தில் ஒரு பெட்டிக்குள் கட்டுக் கட்டாகப் பணம் இருப்பதைப் பார்த்தார். கூட்டாளிக்குத் தகவல் சொன்னார். கூட்டாளி பெட்டியைத் திறந்து ஏறக்குறைய 40 ஆயிரம் டாலரை எடுத்தார். இருவரும் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள். சிறைத் தண்டனை கிடைத்தது.

கவனித்தீர்களா? வெடிகுண்டைக் கண்டுபிடிக்க வாங்கி வைத்த இயந்திரம், பணத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது!

2003 முதல் 2012 வரை, திருட்டுக் காரணமாக 381 ஊழியர்கள் அந்த இலாகாவிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரை லட்சம் பேர் வேலை பார்க்கும் இலாகாவில் இது கொஞ்சம்தான். ஒரு குடம் பாலில் ஒரு துளிதான். ஆனால் அந்தத் துளி எது? விஷம்!

நம் நாட்டிலும் டெல்லி, மும்பை போன்ற நிலையங்களில், பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஊழியர்கள் பெட்டியைத் திறந்து நகை எடுத்ததாகப் பலமுறை கைதாகி இருக்கிறார்கள். ஆகவே, இது எங்கோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியாது.

"சின்னத் திருட்டுதானே!"

"ஐந்நூறு ரூபாய் போனால் போகிறது. இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். மூன்று பதில் சொல்கிறேன்.

முதல் பதில்: அந்த ஊழியர் அங்கே நிற்பது எதற்காக?

1984-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. குண்டு இருந்தது ஒரு பெட்டியில். சுமார் 30 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-ந் தேதி, ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் நடுவானில் வெடித்துக் கடலில் விழுந்தது. 329 உயிர்கள்! கனடாவில் ஒரு பயணி பெட்டியை மட்டும் விமானத்தில் ஏற்றச் செய்தார். அவர் ஏறவில்லை. பெட்டியை ஏற்க முதலில் மறுத்த சிப்பந்தி, அந்த ஆள் விடாமல் வாதாடவே, வரிசை நீளுகிறதே என்று விட்டுக் கொடுத்தார். அவர் நேர்மை இல்லாதவர் அல்ல. ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு. அவ்வளவுதான்.

நேர்மையானவர் காட்டிய சின்னத் தளர்ச்சிக்கே அந்த விலை. அப்படியானால், ஐந்நூறு ரூபாய்க்குக் கை நீட்டப் பழகியவரிடம் நாளை ஒருவன் ஐம்பதாயிரத்தை நீட்டி, "இந்தப் பெட்டியைப் பார்க்காதே" என்று சொன்னால் என்ன நடக்கும்? மற்றவர் பணத்தை எடுத்துப் பழகிய கை, அந்தப் பணத்தையும் வாங்கத் தயங்குமா?

இரண்டாவது பதில்: இதில் பெரிய நஷ்டம் நேர்மையான ஊழியருக்குத்தான்.

பணம் இழந்த பயணி ஊருக்குப் போய்ச் சொல்வார். "அந்த ஆள் எடுத்தார்" என்று சொல்ல மாட்டார். அவருக்குப் பெயர் தெரியாது. "அங்கே இருப்பவர்கள் எல்லாரும் திருடர்கள்" என்பார். இரவு பகல் கால் கடுக்க நின்று, ஒரு பைசா தொடாதவர் மீதும் அந்தப் பழி விழும்.

மூன்றாவது பதில்: உள்ளே இருப்பவர் திருடினால், பழி வெளியே இருப்பவர் மேல் போகும்.

சிலப்பதிகாரக் கதை நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவன் யார்? அரண்மனையில் நம்பிக்கைக்கு உரியவனாக இருந்த பொற்கொல்லன்! தலை போனது யாருக்கு? சிலம்பு விற்க வந்த வெளியூர்க்காரன் கோவலனுக்கு! காணாமல் போனது ஒரே ஒரு சிலம்பு. அதற்காக அரசன் உயிர் போனது. அரசி உயிர் போனது. மதுரை எரிந்தது. ஒரு சின்னத் திருட்டை விசாரிக்காமல் விட்டதன் பலனை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இன்றைக்கும் அதே கதைதான். விமான நிலையத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் யாரைச் சந்தேகிக்கிறார்கள்? தரை துடைக்கும் பெண்ணை. தட்டுகளை அடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளியை. சம்பளம் குறைந்தவர் மேல் சந்தேகம் கூடுகிறது. இது நியாயம் அல்ல. சாட்சி வேண்டும். கேமராப் படம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 'பாரதிய நியாய சன்ஹிதா' என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

திருட்டுக்கு அதில் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. பசிக்குத் திருடியவனையும், அறியாப் பருவத்தில் கை நீட்டியவனையும் சிறையில் தள்ளிப் பெரிய திருடனாக்க வேண்டாம் என்ற இந்த இரக்கம் நல்லதுதான்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளை அரசு ஊழியர் கையாடினால், பத்து ஆண்டு வரை சிறை. ஆயுள் தண்டனை கூட விதிக்கலாம்.

பாருங்கள்! ஒன்றில் சமூக சேவை. மற்றதில் ஆயுள் தண்டனை வரை. திருடன் எடுப்பது பொருளை மட்டும். காவல்காரர் எடுத்தால் பொருளோடு நம்பிக்கையும் சேர்ந்து போகிறது. சட்டம் செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

சம்பளம் குறைவு என்பது காரணமா?

சம்பளம் குறைவு, அதனால் திருடுகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஒரு பாதி உண்மை.

காவல் வேலைக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாதம் பிறந்ததும் கூலி கிடைக்க வேண்டும். லட்ச லட்சமாக நகை இருக்கும் பெட்டிகளைத் தூக்குகிற மனிதனுக்கு அரை வயிற்றுக் கூலி கொடுப்பது தவறு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

மறு பாதி? மயாமியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மாதச் சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர்கள். பட்டினி கிடந்தவர்கள் அல்ல. நம் ஊரிலோ, கூலி வேலை செய்கிறவர்கள் கண்டெடுத்த நகையைப் போலீஸ் நிலையத்தில் கொண்டு போய்க் கொடுத்த செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். வறுமைதான் திருடச் சொல்கிறது என்றால், அவர்கள் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? ஏழைகளின் நேர்மையைக் கொச்சைப்படுத்த வேண்டாம்.

பூட்டு போதுமா?

சரி, இதற்கு மருந்து என்ன? பூட்டா? முத்திரையா?

சென்னையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 2012-ம் ஆண்டு சி.பி.ஐ. அதிகாரிகள் ஒரு நிறுவனத்தில் சோதனை போட்டு, 400 கிலோ தங்கத்தைக் கைப்பற்றினார்கள். அந்த நிறுவனத்தின் பெட்டகங்களிலேயே வைத்துப் பூட்டினார்கள். முத்திரை வைத்தார்கள். 72 சாவிகளையும் கோர்ட்டில் ஒப்படைத்ததாகச் சொன்னார்கள். 2020-ம் ஆண்டு பெட்டகங்களைத் திறந்து எடை போட்டபோது 103 கிலோ குறைந்தது!

முதலில் மொத்தமாக எடை போட்டோம், பிறகு தனித்தனியாக எடை போட்டோம், அதனால் வந்த வித்தியாசம் என்று சி.பி.ஐ. தரப்பில் சொல்லப்பட்டது. சென்னை ஐகோர்ட்டு அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டு சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. சி.பி.ஐ.யை உள்ளூர்ப் போலீஸ் விசாரித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற வாதத்தையும் ஐகோர்ட்டு ஒதுக்கித் தள்ளியது.

அந்த உத்தரவில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. விசாரணையால் மதிப்புக் குறையாது. விசாரணைக்கு மறுத்தால்தான் குறையும். கணக்குக் காட்டுகிறவரைத்தான் ஊர் நம்பும்.

பூட்டு இருந்தது. முத்திரை இருந்தது. சாவிக்கும் கணக்கு இருந்தது. ஆனாலும் எடை குறைந்தது. ஆகவே, பூட்டு மட்டும் போதாது.

பக்கத்தில் நிற்பவர் பேச வேண்டும்

எந்தக் காவல் வேலையிலும் ஒருவர் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். திருடுகிற கையை முதலில் பார்ப்பவர் அவர்தான். பயணிக்கும் தெரியாது, மேலதிகாரிக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

அவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் வாயை மூடிக் கொள்கிறார். "கூட வேலை செய்கிறவனைக் காட்டிக் கொடுக்கலாமா? அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே!" என்று நினைக்கிறார்.

இந்த இரக்கம் தவறான இடத்தில் வைத்த இரக்கம். பணம் பறிகொடுத்த பயணிக்குப் பிள்ளை குட்டி இல்லையா? பாலைவன வெயிலில் இரண்டு வருஷம் உழைத்துக் கொண்டு வந்த பணம் அது. தங்கை கல்யாணத்துக்காகச் சேர்த்த பணமாக இருக்கலாம். காட்டிக் கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. முதல் ஐந்நூறு ரூபாயிலேயே "வேண்டாம், திரும்ப வை" என்று கையைப் பிடித்து நிறுத்துகிறவன்தான் நண்பன். கேட்கவில்லை என்றால் மேலே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும். அவருக்கு இடமாற்றம் பரிசாகக் கிடைக்கக் கூடாது!

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1999 டிசம்பரில் நம் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பிறகு, 2000-ம் ஆண்டிலிருந்து விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் வரத் தொடங்கியது. முதலில் ஜெய்ப்பூர். இன்று 60-க்கும் மேற்பட்ட நிலையங்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை இந்தப் படையினர் எடுத்து, பட்டியல் எழுதி, உரியவரிடம் சேர்க்கிறார்கள். அந்தப் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலும் இருக்கிறது.

இது சாதாரண ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எடுத்த பொருளை உடனே நாலு பேர் முன்னிலையில் எழுதி வைத்துவிட்டால், மனம் தடுமாற நேரம் இல்லை. நல்லவரையும் நல்லவராகவே வைத்திருக்க ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கிறது! சோதிப்பவர், பெட்டி தூக்குபவர், சுங்க இலாகாவினர் எல்லோருக்கும் இந்த வழக்கம் வர வேண்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு கணக்கு இருந்தால், "என்னிடம் இருந்தபோது சரியாகத்தான் இருந்தது" என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது.

பயணம் போகிறவர்களுக்கு

நம்பிக்கை வேண்டும். அதற்காக ஏமாளியாக இருக்க வேண்டியதில்லை. இவற்றை நினைவில் வையுங்கள்.

பர்ஸ், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைத் தட்டில் தனியாகப் போடாதீர்கள். கைப்பைக்குள் வைத்து, பையை மூடி, தட்டில் வையுங்கள்.

உங்கள் முறை நெருங்கும்போது தட்டை உள்ளே அனுப்புங்கள். பத்துப் பேருக்கு முன்பே அனுப்பினால், தட்டு அந்தப் பக்கம் போய்க் காத்திருக்கும்; நீங்கள் இந்தப் பக்கம் காத்திருப்பீர்கள்.

சோதனை முடிந்ததும் அங்கேயே பையைத் திறந்து பாருங்கள். பின்னால் இருப்பவர் அவசரப்படுத்தினால், சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். குறைந்தால் அந்த இடத்தை விட்டு நகராமல், அங்குள்ள மேலதிகாரியிடம் சொல்லுங்கள். "கேமராவைப் பாருங்கள்" என்று கேளுங்கள். விமானம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பல பேர் பேசாமல் போகிறார்கள். கை நீட்டுகிறவருக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

பணத்தையும் நகையையும் விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். பெட்டி உடைந்திருந்தாலோ, பொருள் குறைந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் விமானக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணமானால், பெட்டி சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கேட்க வழி இல்லை.

எழுதத் தெரியாத பெற்றோரை அனுப்புகிறீர்களா? பைக்குள் என்னென்ன இருக்கிறது, பணம் எவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

சேலம், நாமக்கல் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகள் காக்கி உடுப்புக்காக விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் நாளைக்கு விமான நிலையத்தில் நிற்பார்கள்.

தம்பி! உன் முன்னால் ஒரு நாளைக்கு ஆயிரம் தட்டுகள் போகும். அவற்றில் எத்தனையோ பேருடைய பணம் இருக்கும். ஒருவருக்கும் உன் பெயர் தெரியாது. உன்னுடைய உடுப்பைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அந்த உடுப்பை உனக்கு முன்னால் போட்டவர்கள் சம்பாதித்து வைத்த நல்ல பெயர் அது. உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அது மிச்சம் இருக்க வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று பர்ஸிலிருந்து எட்டிப் பார்க்கும். பையை இழுத்து மூடி, உரியவரிடம் கொடுத்துவிடு. அந்தத் தாய் பத்திரமாக மகளிடம் போய்ச் சேரட்டும்.